வெயிலில் மட்டும் படுத்துக்கொள்ளும் கார்

எப்போதும் இருக்கிற கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். எங்கள் 14 வயதுக் காருக்கு வந்தது இரண்டாவது ரகம்.

காலையில் மயிலாப்பூரிலிருந்து கிளம்பினால் சமர்த்தாக ஓடும். பாண்டி பஜாரில் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். சித்திரைக் கடைசியில் ஒரு நாள், மனைவியைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அடையாறு திரு.வி.க. பாலத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினே நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவே மகன் போனில், "வித்துடுங்கப்பா. கால் டாக்சி இருக்கே" என்றான். இருக்கிறதுதான். ஆனால் நினைத்தபோது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவது, இந்த வயதில் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு சுதந்திரங்களில் ஒன்று.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காலை பத்து மணிக்குப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனாலும் பெட்ரோல் பம்ப், இக்னிஷன் காயில் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று 22,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

மந்தைவெளிச் சந்தில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. "காலையில வேணாம் சார். மத்தியானம் சூடா இருக்கும்போது கொண்டாங்க. ஜுரம் இருக்கும்போதுதானே டாக்டர் பாக்கணும்?"

மறுநாள் இரண்டு மணிக்கு, அவர் கடை வாசலிலேயே வண்டி படுத்துக்கொண்டது. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பச் சொன்னார். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தமும், பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுவதும் கேட்க வேண்டுமாம். இரண்டும் இல்லை. ஃபியூஸ்களைப் பார்த்தார்; நன்றாக இருந்தன. பிறகு மெயின் ரிலேயைப் பிடுங்கி, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினார். 'டிக்.' வண்டி உடனே கிளம்பியது. பழைய ரிலேயை ஹாரன் இடத்தில் வைத்தார். ஹாரன் ஊமை! "பாத்தீங்களா சார், நோவு அங்க போயிடுச்சு" என்றார். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

ரிலே என்பது எங்கள் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. சாவியிலிருந்து வரும் சின்ன மின்சாரம் 85, 86 என்ற கால்கள் வழியாக உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் 30, 87 என்ற கால்களை இணைக்க, பேட்டரியின் பெரிய மின்சாரம் பம்புக்கும் இக்னிஷனுக்கும் பாயும். குமாஸ்தாவின் சின்ன இனிஷியல் விழாவிட்டால் கஜானா திறக்காது அல்லவா!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'ரெலே' பழக்கமான சொல். தபால் வண்டியின் களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரைகளைப் பூட்டும் இடத்துக்கு அந்தப் பெயர். நெடுந்தூரத் தந்தியில் சோர்ந்துபோன மின்சாரத்துக்குப் பதில் புது மின்சாரத்தை அனுப்பிய கருவிக்கும் அதே பெயர் வந்தது. நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள் நம் கார்களுக்குள் இன்னும் 'டிக்' என்றுகொண்டிருக்கின்றன.

ரிலேயின் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஈயப் பற்றில் மயிரிழை அளவு வெடிப்பு. சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். குளிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ரிலேக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை.

உங்கள் வண்டிக்கும் இப்படி நேர்ந்தால், எந்த நேரத்தில், எவ்வளவு வெயிலில் நின்றது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கோளாறு இருக்கும்போதே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரே நம்பர் ரிலேயாக இருந்தால் மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலேயை எடுத்துவிட்டு ஒயரை முறுக்கி ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எதை மாற்றுவது என்பது அடுத்த கேள்வி. மின்சாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கத்திரி வெயிலும் முடிந்துவிட்டது. கார் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. விற்கும் பேச்சை மகனும் இப்போது எடுப்பதில்லை.