தகப்பனாரின் பற்களும் என் ஈறுகளும்



என் தகப்பனாருக்கு ஐம்பது வயதிற்குள் மேல்வரிசைப் பற்கள் அனைத்தும் ஆடி விழுந்துவிட்டன. "நம் குடும்பத்துப் பல் அவ்வளவுதான்" என்பார் பாட்டி. ஆகவே, சென்ற ஆண்டு பல் துலக்கும்போது இரத்தம் கசியத் தொடங்கியும் நான் எட்டு மாதம் மருத்துவரிடம் போகவில்லை. வரவேண்டியது வந்துவிட்டது என்று இருந்துவிட்டேன். ஒரு போதகன் அப்படி எண்ணியதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல் மருத்துவர் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலைச் செலுத்தி அளந்தார். நல்ல ஈறாயின் அந்த ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். என் கடைவாய்ப் பற்களிலோ 6. பல்லைத் தாங்கும் எலும்பும் சற்றுக் கரைந்திருந்தது. தகப்பனாரின் கதையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 117 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்நோயில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் வருவது என்று கணித்தது. பல்லில் கிருமிப் படலம் எல்லாருக்கும் படிகிறது. அதை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எலும்பைப் பெரிதும் கரைப்பது அந்த அழற்சியே.

பின்பு, "மனக்கவலை ஏதேனும் உண்டா, ஐயா?" என்று கேட்டார்.

உண்டு. ஆலயக் கட்டுமானக் கடன். வட்டிக்கு வழியின்றி இரவுகளில் விழித்திருந்தேன், பல் துலக்காமலே படுக்கையில் சாய்ந்தேன், மனைவியிடம் மறைத்தேன். கவலை நீடித்தால் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு மிகுந்து நோயெதிர்ப்பின் ஒழுங்கு குலைகிறது என்றார் மருத்துவர். நியூயார்க் மாநிலத்து ஈரி கவுண்டியில் 1,426 பேரைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வும் பணநெருக்கடியை ஈறு நோயோடு தொடர்புபடுத்தியது. ஆனால் நெருக்கடியிலும் சிக்கலை நேராக எதிர்கொண்டு சமாளித்தவர்களுக்கு, நெருக்கடியே இல்லாதவர்களைவிட ஆபத்து மிகவில்லை. இதை வாசித்தபோது என்னைக் குறித்தே எழுதியதாகத் தோன்றிற்று.

தந்தையர் உண்ட புளிப்பிற்காகப் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியைக் கர்த்தர் கண்டிக்கும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அது பாவத்தின் பொறுப்பைப் பற்றியது, மரபணுவைப் பற்றியதன்று. எனினும் என் வாயை நான் ஒருநாளும் அதோடு சேர்த்து எண்ணியதில்லை.

அன்றிரவே மனைவியிடம் கணக்கு நோட்டைக் கொடுத்தேன். அவள் கோபித்தாள், பிறகு பேனாவை எடுத்தாள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பற்காரையை அகற்றிக்கொள்கிறேன். சென்ற வாரம் அளந்தபோது 4. கல்லூரியில் பயிலும் மகனையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவனுக்கு எங்குமே 3ஐத் தாண்டவில்லை. கடன் இன்னும் தீரவில்லை.