ஆக்கியோன் பெயர்

நாவல் எழுதுகிறவன் பகலில் என்ன செய்கிறான் என்று தெரிந்து கொள்வதில் நம் ஜனங்களுக்கு இருக்கும் ஆவல், அவன் நாவலுக்குள் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிந்து கொள்வதிலும் இருந்து விட்டால், தமிழ்நாட்டுப் பதிப்பாளர்கள் எல்லோரும் எப்போதோ சொந்த வீடு கட்டியிருப்பார்கள். "எழுத்து இருக்கட்டும், ஜீவனத்துக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "வெப் டெவலப்பராக இருக்கிறேன்" என்று சொல்கிறேன். உடனே முகம் மலர்ந்து, "அப்படியா! நம் கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுங்களேன்" என்கிறார்கள். அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. நான் செய்யும் பக்கங்களைக் கேட்டவர்கள் பார்க்க முடியாது. என் வீட்டார் பார்க்க முடியாது. கூகிளும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அவை கம்பெனிகளின் மதிலுக்குள்ளே, பாஸ்வேர்டு என்ற வாயிற்காப்போனுக்குப் பின்னால் வாழும் பக்கங்கள்.

அந்த மதிலுக்குள் இருப்பதற்கு ஷேர்பாயிண்ட் என்று பெயர். மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு ஸ்தாபனத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் தஸ்தாவேஜுகளை ஓரிடத்தில் வைத்து, பலர் கூடி எழுதி, திருத்தி, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி, பிறகு தேவைப்பட்டபோது தேடி எடுத்துக் கொள்வதற்கான ஏற்பாடு அது. "நாங்கள் அதையெல்லாம் உபயோகிப்பதில்லை, டீம்ஸில் பேசிக் கொள்வதோடு சரி" என்று சில நேயர்கள் சொல்லலாம். 2017-இல் வந்த அந்த டீம்ஸில் ஒரு குழுவின் சேனலில் நீங்கள் போடும் பைல் போய் உட்காருகிற இடமும் ஷேர்பாயிண்ட்தான். கல்யாண வீட்டில் பந்தியைப் பார்க்கிறோம். பின்கட்டில் கோட்டையடுப்பு எரிவதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

அந்தப் பின்கட்டில் என் வேலை ஜாபிதா எழுதுவது. ஆமாம், அங்கே எல்லாமே ஜாபிதாதான். லீவு கேட்டவர்கள் ஒரு ஜாபிதா. பழுதான யந்திரங்கள் ஒரு ஜாபிதா. தஸ்தாவேஜுகளை அடுக்கி வைக்கும் 'லைப்ரரி' என்பதும் உள்ளுக்குள் ஒரு ஜாபிதாவே. அதற்குப் படிவம் செய்வதும், அதை அழகான பக்கமாகக் காட்டுவதும், ஒருவர் ஒப்புதல் கொடுத்ததும் அடுத்தவருக்குத் தகவல் போகச் செய்வதும் நான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் சில்லறைக் காரியங்கள்.

இந்த ஜாபிதாக்களில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. லட்சக்கணக்கான வரிகளை உள்ளே வைத்துக் கொள்ளலாம்; ஆனால் ஒரே கேள்வியில் 5,000 வரிகளுக்கு மேல் புரட்டிப் பார்க்க விடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் இந்தச் சுவரில் ஒரு தடவை முட்டிக் கொண்டு, "இது என்ன அநியாயம்!" என்பார்கள். அநியாயம் இல்லை. ஒருவர் அந்த அளவுக்கு மேல் வரிகளைப் பிடித்துக் கொண்டால், அடியில் இருக்கும் தரவுத்தளம் ஒவ்வொரு வரியாகப் பூட்டுவதை விட்டு விட்டு அட்டவணை முழுவதையும் பூட்டி விடும் சுபாவமுடையது. மற்றவர்கள் எல்லோரும் கை கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். பந்தியில் ஒருவர் பாயச வாளியையே தம் பக்கம் இழுத்துக் கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த மரியாதை அது. கூடி வேலை செய்வதன் முதல் பாடம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாவது பாடம் ஞாபகம். நீங்கள் எதை எழுதினாலும், யாரும் கேட்காமலே நான்கு பத்திகள் தாமாக நிரம்பிக் கொள்கின்றன: உருவாக்கியவர், உருவாக்கிய நேரம், திருத்தியவர், திருத்திய நேரம். பழைய தாலுகா ஆபீஸ் கட்டுகளில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் இனிஷியலும் தேதியும் இருக்குமே, அதே சம்பிரதாயம்தான். அழித்ததைக்கூட அது உடனே மறப்பதில்லை. இன்டர்நெட் வழியாக நடக்கும் ஷேர்பாயிண்டில், குப்பைக் கூடையில் போட்டது 93 நாள் வரையில் கிடக்கும்.

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுகிறவன் எட்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று நன்னூலில் பவணந்தியார் விதித்தார். அந்த எட்டில் முதலாவது, ஆக்கியோன் பெயர். நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது, எழுதியவருடைய தற்பெருமைக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரிய வைத்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலை.

மோட்டார் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே யந்திரங்களை எப்படி இயக்க வேண்டும், எப்படிக் கழற்றிப் பூட்ட வேண்டும் என்ற செய்முறைகளை எழுதி ஷேர்பாயிண்டில் ஏற்றுவதற்கு ஒரு மூத்த சூபர்வைசர் இருந்தார். யந்திரத்தோடு முப்பது வருஷம் பழகிய மனிதர். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். கம்பெனி விதிப்படி எல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அவர் இங்கிலீஷிலும் எழுதி, ஒவ்வொரு படிக்கும் கீழே தமிழில் ஒரு வரி சேர்ப்பார். "டையைத் தொடுமுன் மெயின் ஸ்விட்சை அணை. அணைந்திருப்பதை உன் கண்ணால் பார். பிறர் சொல்லை நம்பிக் கை வைக்காதே." இந்த மாதிரி இருநூறு தஸ்தாவேஜுகளுக்கு மேல் எழுதியிருந்தார்.

"எதற்கு ஸார் இரட்டை வேலை?" என்று ஒரு நாள் கான்டீனில் கேட்டேன்.

"தம்பி, இதைப் படிக்கிறவன் ராத்திரி ஷிப்டிலே தனியா நிக்கிறவன். பக்கத்திலே ஒரு ஆள் நின்னு சொல்ற மாதிரி இருக்க வேண்டாமா?" என்றார்.

நாவலாசிரியர்களுக்கு நடை பற்றி உபதேசம் செய்யும் புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக எதிலும் சொல்லக் காணோம்.

2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாவது அலை சென்னையைச் சூறையாடிய நாட்களில், அவர் போய் விட்டார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். தொழிற்சாலையிலிருந்து யாரும் மயானத்துக்குப் போக முடியவில்லை. கம்பெனி விதிப்படி அவருடைய கணக்கை மூடினார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போனவருடைய சாவியை வாசலில் தொங்க விட முடியுமா?

அடுத்த வருஷக் கடைசியில் வேறொரு காரியம் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் இருந்தது ஷேர்பாயிண்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. 2023 ஏப்ரலோடு அதற்கு மைக்ரோசாப்டின் ஆதரவு முடிகிறது. ஆகையால் எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாக நடக்கும் புதிய இடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

குடிபெயர்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. 'உருவாக்கியவர்' என்ற பத்தி வெறும் எழுத்துக்களால் ஆனதல்ல. அது உயிருள்ள ஒரு கணக்கைச் சுட்டிக் காட்டுகிற விரல். புதிய இடத்தில் அந்தக் கணக்கு இல்லையென்றால் விரலுக்குக் காட்ட ஆள் இல்லை. அந்த மாதிரிச் சமயத்தில் நாங்கள் உபயோகித்த கருவி, யார் குடிபெயர்க்கிறாரோ அவர் பெயரையே அங்கே போட்டு விடும். சோதனைக்காகச் சில பைல்களை முதலில் மாற்றிப் பார்த்தேன். பிரஸ் யந்திரத்தின் செய்முறை திரையில் வந்தது. அவருடைய தமிழ் வரி அப்படியே இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. மற்றவர் செருப்பில் கால் நுழைந்து விட்டால் எப்படி இருக்கும்? அதிலும் அவர் திரும்பி வந்து கேட்க மாட்டார் என்றால்?

அந்தப் பிராஜக்டின் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் தேதி நெருக்கிக் கொண்டிருந்தது.

"யார் எழுதினால் என்ன, ஸார்? விஷயம் போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்றார்.

"அந்தப் பெயரைப் பார்த்துத்தானே ஸார் ஆட்கள் நம்புகிறார்கள்?"

"சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்கவா முடியும்?"

"கேட்க முடியாது, நம்பலாம். என் பெயர் இருந்தால் என்ன ஆகும், தெரியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு பிரஸ் நின்று போனால், பிட்டர் எனக்கு போன் பண்ணுவான். 'ஸார், டையைக் கழற்றலாமா?' என்பான். எனக்கோ வீட்டு மிக்ஸியைக்கூடச் சரியாகப் பூட்டத் தெரியாது. நான் தூக்கக் கலக்கத்தில் 'கழற்றப்பா' என்று சொல்லி வைத்தால்?"

மேனேஜர் சிரித்து விட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "எத்தனை நாள் வேண்டும்?" என்றார். "இரண்டு" என்றேன்.

பழைய சர்வருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தளத்துக்கு ஒரு முறை வந்து போனவர்களின் பெயரைத் தனியே ஒரு ஜாபிதாவில் குறித்து வைத்திருக்கும். கணக்கை மூடி விட்டாலும், யாராவது கை வைத்து நீக்கினால் ஒழிய அந்த வரி இருக்கும். அதிலிருந்து பெயர்களை எடுத்து, ஒவ்வொரு தஸ்தாவேஜுக்கும் பக்கத்தில் 'முதலில் எழுதியவர்' என்று ஒரு சாதாரணப் பத்தியைச் சேர்த்து, அதில் வெறும் எழுத்தாக நிரப்பும்படி ஒரு சிறு நிரலை எழுதினேன். வெறும் எழுத்துக்கு ஒரு சௌகரியம்: அந்தப் பெயருடையவர் உயிரோடு இருக்கிறாரா என்று கம்ப்யூட்டர் அதனிடம் கேட்பதில்லை. புதிய பக்கத்தின் தலையில் அந்தப் பெயர் பளிச்சென்று தெரியும்படியும் செய்தேன். அவருடைய பெயர் மட்டும் என்று எண்ணிச் செய்த காரியத்தில், ரிட்டயரானவர்களும் வேலையை விட்டுப் போனவர்களுமாக இன்னும் நாற்பது பேருடைய பெயர்கள் வந்து சேர்ந்தன. அவர்களில் பலரை எனக்குத் தெரியாது.

பெயர் விஷயத்தில் ஷேர்பாயிண்டின் பூர்வ கதையே ஒரு வேடிக்கை. அதன் விலாசங்களின் நடுவில், இன்றைக்கும், 'வி.டி.ஐ.' என்ற மூன்று எழுத்துக்கள் காரணமில்லாமல் வரும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தாண்டிப் போய் விடுவார்கள். அது வெர்மீர் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனியின் முதலெழுத்து. 1994-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த சின்னக் கம்பெனி. வலைப் பக்கங்கள் செய்வதற்கு 'பிரண்ட்பேஜ்' என்ற மென்பொருளை உண்டாக்கியது. 1996 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கிற்று. பிரண்ட்பேஜ் மறைந்தது, கம்பெனியும் மறைந்தது. அதன் சில பழக்கங்கள் ஷேர்பாயிண்டுக்கு வந்து சேர்ந்தன. மூன்று எழுத்துக்களும் கூடவே வந்தன. யாரோ இடித்துக் கட்டிய மாளிகையில் பழைய வீட்டு நிலைப்படி ஒன்று தங்கி விட்டதைப் போல.

அந்தக் கம்பெனி கடன் வாங்கிய பெயருக்குச் சொந்தக்காரர் 1675-இல் இறந்த டச்சு ஓவியர் வெர்மீர். கடனோடு இறந்தார். இன்று அவருடையவை என்று சொல்லத் தக்கவை சுமார் 35 படங்களே. அவற்றில் ஒன்றான 'ஓவியக் கலை' இப்போது வியன்னா மியூசியத்தில் இருக்கிறது. 1813-இல் அதை வாங்கிய பிரபு, அது பீட்டர் டி ஹூக் என்ற வேறொரு ஓவியர் வரைந்தது என்று நம்பித்தான் வாங்கினார். டி ஹூக்கின் கையெழுத்தை யாரோ பொய்யாகப் படத்தில் இட்டிருந்தார்கள். அது வெர்மீருடையது என்று 1860 வாக்கில்தான் தெளிவாயிற்று. சந்தையில் அப்போது எந்தப் பெயருக்கு மதிப்போ அந்தப் பெயர் படத்தின் மேல் ஏறிக் கொள்கிறது. அந்த வேலையைப் பொய்க் கையெழுத்துக்காரன் பணத்துக்காகச் செய்தான். எங்கள் கருவி ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், சௌகரியத்துக்காகச் செய்கிறது. படம் வரைந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் முன்னோர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக் கொள்ளவில்லை. பாட்டுக்குள்ளேயே தேடினார்கள். அந்தப் புலவன் பாட்டில் வைத்த அழகிய சொற்றொடரையே அவனுக்குப் பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினார்கள். தொகுக்கிறவனுக்கு இருக்க வேண்டிய நேர்மைக்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டுமா?

கூட்டு உழைப்பு என்றால் தனி மனிதர் பெயர் கரைந்து விட வேண்டும் என்று இந்தக் காலத்தில் சிலர் பேசுகிறார்கள். "எல்லாம் டீம்தான்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாபக் கணக்கு எழுதும்போது பெயர்கள் கரைவதைக் காணோம். தவறு நேர்ந்து விசாரணை நடக்கும்போதும் கரைவதில்லை. நல்ல காரியம் செய்தவன் பெயர் மட்டும்தான் முதலில் கரைகிறது.

இந்தக் கட்டுரையை அனுப்பி வைத்தால், பத்திரிகாசிரியர் தலைப்புக்குக் கீழே என் பெயரைக் கேட்காமலே போட்டு விடுவார். எழுத்தாளனுக்கு அது பிறப்புரிமை மாதிரி வந்து சேர்கிறது. ராத்திரி ஷிப்டில் தனியாக நிற்கிறவனுடைய விரல்களைக் காப்பாற்றும் வாக்கியங்களை எழுதினவருக்கு அந்த உரிமை கிடைக்க இரண்டு நாள் வேலையும் ஒரு மேனேஜரின் சம்மதமும் வேண்டியிருந்தன. அது கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தோஷம். கேட்டு வாங்க ஆள் இல்லாத இடங்களில் எத்தனை பெயர்கள் போயிருக்குமோ!