மீனா, ஊரியா?

மட்டக்களப்பில் பிறந்த எங்களுக்கு இரண்டு தொடர்கள் சீதனம் மாதிரி வந்து சேரும். ஒன்றை நாங்களே சொல்லிக்கொள்வோம்: 'மீன் பாடும் தேனாடு'. மற்றதை வெளியூர்க்காரர் எங்களுக்குச் சொல்வார்கள்: 'மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்டவைச்சிடுவாங்க'.

முதலாவதை வைத்துப் பேச்சுப்போட்டிகளில் கைதட்டு வாங்கியிருக்கிறோம். இரண்டாவதைக் கம்பஸ் போன முதல் கிழமையே கேட்டோம். ஹொஸ்டலில் எங்களில் ஒருத்தி பாயை விரிக்க, பக்கத்துக் கட்டில்காரி "ஐயோ, நான் அதில இருக்கமாட்டன்" என்று சிரித்தாள். பகிடிதான். ஆனால் நாலு வருசமும் அதே பகிடி. சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. காணாத ஊரைப்பற்றி இவர்கள் எல்லாருக்கும் ஒரே சொற்கள், அதே வரிசையில், எப்படிக் கிடைத்தன? அந்த எரிச்சலில்தான் தேடத் தொடங்கினோம்.

ஆங்கிலத்தில் என்றால் இது ஒரு நிமிட வேலை. 2010இல் கூகுள் வெளியிட்ட என்கிராம் வியூவரில் ஒரு தொடரைப் போட்டால், அச்சான நூல்களில் அது எந்தக் காலத்தில் ஏறியது, எப்போது இறங்கியது என்று கோடு கீறிக் காட்டும். அதில் தமிழ் இல்லை. எங்களிடம் இருப்பது தொடரடைவு. ஒரு சொல் எந்தெந்தப் பாடலில், எந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வருகிறது என்று வரிசைப்படுத்தித் தரும் நூல். சங்க இலக்கியத்துக்கு அது உண்டு. கோயில் மலருக்கும் பரிசளிப்பு விழா மலருக்கும் யார் செய்வது?

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் மலர்களும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். தேடற்பெட்டி நூலின் பெயரைக் கண்டுபிடிக்கும், நூலின் உள்ளே இருக்கும் வரியைக் கண்டுபிடிக்காது. ஆகவே கண்ணால்தான் தேடினோம். ஆளுக்குக் கொஞ்சம் மலர்கள், ஒரு கொப்பி.

கொப்பி நிறைந்தபோது சில விசயங்கள் தெரிந்தன. 'மீன் பாடும்' எப்போதும் முதல் பந்தியில்தான் வரும். வாழ்த்துரை, ஆசியுரை, ஊர் அறிமுகம், யாரோ ஒருவரின் நினைவு மலர் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒருவர் 'தேனாடு' என்பார், இன்னொருவர் 'தேன்நாடு' என்பார். ஆனால் என்ன மீன், எங்கே, எப்போது பாடியது என்று அடுத்த வரியில் எழுதியவரைக் காண்பது அரிது. பாய்க் கதையோ அச்சில் அபூர்வம். வந்தாலும் மறுப்பதற்காகத்தான் வரும். எங்கள் பெருமை அச்சில் இருக்கிறது, எங்களைப் பற்றிய நக்கல் வாயில் இருக்கிறது. வாயில் இருப்பதை எந்த மலரிலும் மறுத்து முடியாது.

பிறகு பழைய ஆங்கில நூல் ஒன்றுக்குப் போனோம். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தவர். 1859இல் வெளியான 'சிலோன்' என்ற நூலில் இரவில் வாவியில் தோணியில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டதை எழுதியிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி மெல்லிய ஒலியாம். தோணிப் பலகையில் காதை வைத்தால் இன்னும் கூடுதலாகக் கேட்டதாம்.

எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த செய்தி. மீனவர்கள் அவரிடம் மீன் என்று சொல்லவில்லை. சத்தம் போடுவது ஒரு சிப்பி என்று சொல்லி, அதன் தமிழ்ப் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை ஆங்கில எழுத்தில் எழுதி, 'அழும் சிப்பி' என்று பொருளும் தருகிறார். அந்தப் பெயரின் முதற்சொல் 'ஊரி' என்பது எங்களுக்கு உடனே விளங்கியது. மிச்சத்தை எப்படி வாசிப்பது என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை.

எங்களில் ஒருத்தியின் அம்மப்பா வாவியில் வலை வீசியே பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் போய்க் கேட்டோம்.

"மீன் எங்க மனே பாடுற? அது ஊரிச் சத்தம். நீங்கதானே பள்ளிக்கூடத்தில மீன் மீன் எண்டு படிச்சீங்க."

"ஏன் அம்மப்பா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே."

சுவாமி விபுலாநந்தருக்கு அந்த ஒலி மீனுமல்ல, ஊரியுமல்ல. காரைதீவில் 1892இல் பிறந்து, தான் மறைந்த 1947இலேயே 'யாழ் நூல்' தந்தவர், வாவியின் இசையை நீரரமகளிரின் பாட்டாகக் கற்பனை செய்தார். ஒரே ஒலிக்கு மூன்று பெயர்கள். மலர்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான். பாடுவது எது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 'மீன்', 'பாடும்', 'தேன்' மூன்றும் சேர்ந்தால் நாக்குக்கு இனிக்கிறது. ஊரி அழுகிறது என்றால் யார் வாழ்த்துரையில் போடுவார்கள்? இனிமேல் நூல்களைப் படித்துப் பேசப்போகும் இயந்திரங்களும் அடிக்கடி வந்த தொடரைத்தான் திருப்பிச் சொல்லும். தோணியில் சொல்லப்பட்ட சொல் அதற்குத் தெரியவராது.

பாய்க் கதையையும் வீட்டில் கேட்டோம். அம்மம்மா சிரித்தார். "இஞ்ச வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தானே. கலியாணம் முடிச்ச மாப்பிள பெண்வீட்டோட இருந்திடுவான். வந்தவன் திரும்பிப் போகல்லண்டா, பெத்தவங்க மந்திரம் எண்டுதான் சொல்லுவாங்க." இது ஒன்றே முழு விளக்கம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் ஹொஸ்டலில் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

போன பூரணைக்கு முதல்நாள் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போனோம். பாலத்து லைற், மோட்டார் சைக்கிள் இரைச்சல். பலகையில் காதை வைத்தோம். இருவர் கேட்டது என்கிறார்கள், மூவர் இல்லை என்கிறார்கள். கொப்பியில் இரண்டையும் எழுதியிருக்கிறோம்.

உங்கள் ஊரைப்பற்றியும் இப்படி ஒரு தொடர் இருக்கும். அடுத்த முறை மலருக்கு எழுதும்போது அதை முதல் பந்தியில் போடுவதற்கு முன், வீட்டில் இருக்கும் வயதானவரிடம் ஒருக்காக் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கள்.