திறக்க அவசரம், மூட நிதானம்

குடல்வால் நோயில் வயிற்றைத் திறக்க அவசரம் வேண்டும். காயத்தை மூட நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனதில் ஊறிய பாடம் இது. இப்போது நியூ ஜெர்சியின் எடிசனில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கே நம்மவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வலி வந்தால் காத்திருக்கிறார்கள், அறுவை முடிந்ததும் அவசரப்படுகிறார்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போகும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். உடனே ஓமத் தண்ணீர், பெருங்காயம். சில வீடுகளில் விளக்கெண்ணெயும் கொடுத்துவிடுவார்கள். அடைபட்டு வீங்கிய குடல்வாலுக்குப் பேதி மருந்து கொடுப்பது அது உடைய வழி செய்வதாகும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கோ வலியைவிடப் பில்லைப் பற்றிய பயம் பெரிது. “காலையில பார்த்துக்கலாம் கண்ணு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். கையில் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று பாராமல் எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும் என்று 1986 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும். அதைப் பேசிக் குறைக்கலாம், தவணையில் கட்டலாம். உடைந்த குடல்வாலோடு அப்படிப் பேரம் பேச முடியாது.

இந்த நோய்க்கு மன்னரும் தப்பவில்லை. 1902 ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. விருந்தினர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்னதாக மன்னரின் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அன்று குடல்வாலை அவர் வெட்டியெடுக்கவில்லை. சீழ் வடிய வழி செய்ததோடு நிறுத்திக்கொண்டார். மன்னர் தேறினார், ஆகஸ்ட் 9-ஆம் தேதி முடிசூடினார். எதைச் செய்ய வேண்டும் என்பதைப் போலவே எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அறுவை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இருக்கும் எடிசனுக்குப் பக்கத்து ஊர் நியூ பிரன்ஸ்விக். காயத்தின் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. கிருமிகளால்தான் காயம் சீழ் பிடிக்கிறது என்று ஜோசப் லிஸ்டர் 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் பேசியதைக் கேட்டவர்களில் ராபர்ட் வுட் ஜான்சனும் ஒருவர். பத்து ஆண்டுகள் கழித்து அவரும் தம்பிகளும் நியூ பிரன்ஸ்விக்கில் தொடங்கிய நிறுவனம், கிருமி நீக்கிய பஞ்சையும் கட்டுத்துணியையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. அதே 1886-இல்தான் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் அழற்சியைத் தனி நோயாக அடையாளம் காட்டி, சீக்கிரமே அறுவை செய்யுங்கள் என்று எழுதினார். நாங்கள் வார்டில் கட்டிய ஒவ்வொரு கட்டும் இவர்களுக்குக் கடன்பட்டது.

இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி. சின்னச் சின்னத் துளைகள், அன்றே மூடிவிடுவார்கள், மறுநாள் வீடு. ஆனால் குடல்வால் உடைந்து, வயிற்றைக் கீறித்தான் அறுவை செய்ய வேண்டும் என்றானால், சில மருத்துவர்கள் தசையை மட்டும் தைத்து, மேல்தோலைத் திறந்தே விட்டு ஈரமான காஸ் துணியை வைத்திருப்பார்கள். நாலைந்து நாளில் புண் சுத்தமாகச் சிவந்திருந்தால் அப்போது தையல். “ஏன் தைக்காம விட்டுட்டாங்க?” என்று வீட்டார் பதறுவார்கள். அது அலட்சியமல்ல. கிருமி பட்ட கொழுப்பின் மேல் தோலை இழுத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். திறந்து வைத்தால் அழுக்கு வெளியேறும், புது ரத்த நாளங்கள் முளைக்கும். முதல் உலகப் போரில் சேறு படிந்த காயங்களோடு வந்த வீரர்களிடம் மருத்துவர்கள் கற்ற பாடம் இது.

ஆனாலும் எல்லாருக்கும் இதுதான் முறை என்று நான் சொல்ல மாட்டேன். உடைந்த குடல்வால் நோயாளிகளை வைத்துத் தாய்லாந்தில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்து வைத்ததால் சீழ் பிடிப்பது குறையவில்லை. நல்ல ஆன்டிபயாடிக் கைவசம் உள்ள இந்தக் காலத்தில் பலர் உடனே தைக்கிறார்கள். கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றும் அந்த மருந்துதான் பாதிக் காவல். எப்போது மூடுவது என்பதை வயிற்றுக்குள் கண்ணால் பார்த்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அழுக்கை உள்ளே வைத்து அவசரமாக மூடுவதைக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறேன். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தால், பேச வேண்டியதைப் பேசவிடாமல், “விடுங்கப்பா” என்று கையைச் சேர்த்துவைத்துவிடுவோம். அது உள்ளே புரையோடிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் உடையும்.

தையல் போட்டதோடு காவல் முடியவில்லை. அறுவைக்குப் பின் முப்பது நாள்வரை தொற்று வரக்கூடும் என்பது மருத்துவக் கணக்கு. ஊரில் வார்டில் நாங்கள் தினமும் பார்த்த காயத்தை, இங்கே வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கட்டைத் தொடாதீர்கள். மஞ்சளும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். ஒட்டியிருக்கும் பசையையோ டேப்பையோ உரிக்காதீர்கள். சுகர் இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். ஏறிய சர்க்கரை புண்ணை ஆறவிடாது. பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் மீனையும் நிறுத்துவது பெரிய கொடுமை. புதுச் சதை வளரப் புரதம் வேண்டும்.

தோல் அழகாக ஆறியிருந்தாலும் வயிற்றுக்குள் சீழ் கட்டலாம். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், வலி குறையாமல் கூடினால், காயம் சிவந்து பரவினால், நாற்றத்தோடு நீர் வடிந்தால், மருத்துவமனை கொடுத்த தாளில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். வேலை நாள், விடுமுறை, நடுராத்திரி என்று பார்க்காதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடம், வலித்தால் ஒளிக்காமல் சொல்லும்படி இன்றைக்கே சொல்லிவையுங்கள்.