மெட்ராஸ் ரோடு வந்து சேர்ந்த இடம்

சிவாஜிநகர், பெங்களூரு



கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சாலையில், கிரிபத்கும்புரவில், நெடுஞ்சாலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி ரோலர்களை அங்கே காக்கிறார்கள். அந்தச் சாலையைப் போட்ட கேப்டன் டாசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் நம் பழைய மெட்ராஸ் ரோட்டுக்கும் அப்படியோர் இடம் வேண்டும். சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் செப்பனிட்டு அதில் ஓர் அறை ஒதுக்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. ரோலரும் மைல்கல்லும் சாலையின் பாதிக் கதையைத்தான் சொல்லும். அதன் வழியே வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்ற மீதிக் கதை இந்தத் தெருக்களில் இருக்கிறது.

1791இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை ஆம்பூர்க் கணவாய்க்குப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, மொகிலிக் கணவாயில் ஏறி, கோலார், ஹொஸ்கோட்டே வழியாக வந்து மார்ச் 21இல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. சித்தூர், பலமனேர், முளபாகல், கோலார் என்று போகும் ரோடும் ஏறக்குறைய அதே தடம்தான். 1809இல் ஸ்ரீரங்கப்பட்டினத்துத் துருப்புகளை இங்கே மாற்றி, ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் என்ற படைக் குடியிருப்பை அமைத்தார்கள். மெட்ராஸ் படையின் சிப்பாய்களோடு தானிய வியாபாரிகளும் தையற்காரர்களும் காண்டிராக்டர்களும் குடியேறினார்கள். அவர்களில் பலர் தமிழர் என்பதற்குச் சிவாஜிநகரின் நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்ற பெயர்களே சாட்சி. தர்மராஜா கோயில் என்று சொல்லித் திரௌபதியம்மனை வழிபடுவது வடாற்காடு, செஞ்சிப் பக்கத்து வழக்கம். கும்பிடும் சாமியையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள்!

தமிழரைக் கொண்டுவந்தது ரயில்தானே என்று கேட்பீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864இல். அதற்குள் கண்டோன்மென்டுக்கு 55 வயதாகிவிட்டது. ரயில் கூட்டத்தைப் பெருக்கியது, உண்மை. முதலில் வந்தவர்கள் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள். கன்னட நகரத்தில் தமிழ்ப் பெருமையா என்ற கேள்விக்கும் சிவாஜிநகரிலேயே பதில் இருக்கிறது: கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு நான்கும் பேசித்தான் இங்கே வியாபாரம் நடக்கிறது. அறையிலும் நான்குக்கும் இடம் வேண்டும்.

எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. பாரம்பரியம் என்று பெயர் சூட்டிய இடத்திலிருந்து முதலில் வெளியேற்றப்படுபவர்கள் சிறுவியாபாரிகள்தான். 1927இல் கட்டி 1933இல் திறந்த இந்தச் சந்தை, 2012இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பிறகும் நிலைத்ததற்கு அவர்களே காரணம். ஆகவே ஒரு கடைகூட நகரக் கூடாது. அறைக்காகக் கடைகளைத்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்த அறையே வேண்டாம். காய்கறிக்காரரும் பூக்காரரும் இல்லாத ரஸ்ஸல் மார்க்கெட்டில் சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கிலோமீட்டருக்கு விரைவுச்சாலை போடுகிறார்கள். லாரிகள் அதற்கு மாறிவிட்டால் பழைய ரோட்டோரக் கடைகளும் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்படும். அறை பிறகு தயாராகட்டும். அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவர்களின் பேச்சைப் பதிவுசெய்வதை மாநகராட்சி இந்த வருஷமே தொடங்க வேண்டும்.