மண்ணின் சாட்சியும் மாதச் சம்பளமும்

"இதைப் படித்தால் என்ன உத்தியோகம்? சம்பளம் எவ்வளவு?" யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக அனுமதி பெறும் மாணவர் வீட்டிற் செவிமடுக்கும் முதல் வினா இதுவே. இதனை இழிவெனத் தள்ளுதல் எளிது. ஆயினும் கடன்பட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு அது நியாயமான வினாவாகும். தடயவியலைப் பொறுத்தவரை அதற்குரிய விடையை அரியாலையிலே தேடலாம்.

1998 இல், கிருசாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியிற் பலர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றிற் கூறினார். 1999 இல் அங்கு 15 எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கால் நூற்றாண்டின் பின், 2025 பெப்ரவரியில், அயலிலுள்ள அரியாலைச் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மேடைக்காக நிலத்தை வெட்டியபோது மீண்டும் மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், செப்ரெம்பர் முற்பகுதிக்குள் 240 எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும், பாடசாலைப் பையொன்றும், விளையாட்டுப் பொம்மையும் அவற்றோடு கிடைத்தன.

அகழ்வது வேலையின் தொடக்கம் மட்டுமே. மண்ணடுக்கைப் பதிதல், இடுப்பெலும்பால் ஆண் பெண் பகுத்தல், பல்லால் வயதை மதித்தல், காயம் இறப்புக்கு முன்னையதோ பின்னையதோ எனத் தெளிதல், மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிடல் என அது நீள்கிறது. வேலை மலையளவு, பதவியோ கடுகளவு. சட்ட வைத்திய அதிகாரி சுகாதாரத் துறையின் ஊழியர். தொல்லியலாளர் பல்கலைக்கழக உலகிலிருந்து அழைக்கப்படுபவர். இரசாயனம் படித்தவர்க்குரிய வாயில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். 2018 இல் மன்னாரில் அகழ்ந்த எலும்புகளின் காலத்தை அறிய, மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தது.

வருவாயும் அவ்வாறே. அரச மருத்துவர் பிறர் மாலையில் தனியார் சிகிச்சையாற் சம்பளத்தைப் பெருக்கலாம். இறந்தோரை ஆராய்பவருக்கு அவ்வழி இல்லை. இச்சேவை தேவைப்படுவோர் காணாமற்போனோரின் தாய்மார், அவர்களிடம் பணமில்லை. பணமுள்ள ஒரே எசமான் அரசு. செம்மணி போன்ற வழக்குகளில் வினாவுக்குட்படுவதும் அவ்வரசே. ஆகவே இங்குச் சம்பளம் என்பது வயிற்றுப் பிரச்சினை மட்டுமன்று. ஆய்வாளரின் சுதந்திரத்தைப் பற்றியதுமாகும்.

ஆர்ஜென்ரீனாவின் அனுபவம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. இராணுவ ஆட்சி நீங்கிய பின், 1984 இல், அமெரிக்க அறிஞர் கிளைட் சினோ அங்குப் புதைகுழிகளை ஆராயச் சென்றபோது, மானிடவியல், தொல்லியல், மருத்துவம் பயின்ற மாணவர் சிலர் துணைநின்றனர். அவர்கள் அமைத்த குழு அரசு சாரா நிறுவனமாக வளர்ந்து, பின்னர் பல நாடுகளிற் பணியாற்றிற்று. இளைஞரின் துணிவு தொடக்கி வைத்ததை நிறுவனமே நிலைக்கச் செய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம், விஞ்ஞானம், தொல்லியல் ஆகிய மூன்றும் உண்டு. அவற்றை இணைக்கும் கற்கைநெறியும், பயின்றோர்க்கு அச்சமின்றி ஊதியம் தரும் சுயாதீன நிறுவனமுமே வேண்டப்படுவன.

வீட்டிலுள்ள தாய் "என்ன சம்பளம்?" என்கிறாள். மயான வாயிலில் நிற்கும் தாய் "இது யாருடைய பிள்ளை?" என்கிறாள். முதல் வினாவுக்கு விடை கிடையாதவரை இரண்டாவது வினாவுக்கு விடை சொல்ல ஆளிராது.