கன்றுக்குச் சொன்ன சொல்

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவனுக்கு ஜனவரி பிறந்துவிட்டால் தேர்ச்சி மதிப்பெண்ணான 35 என்ற எண்தான் கண்முன் நிற்கும். மனப்பாடப் பாடல், குறளை அலகிடுதல், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு எழுதுதல். இவை கைக்கு வந்துவிட்டால் மெல்லக் கற்கும் பிள்ளையும் கரையேறிவிடும். மாலைச் சிறப்பு வகுப்பில் நானும் இதைத்தான் செய்கிறேன். இதைக் குறைவான வேலையாக நான் நினைத்ததே இல்லை. தேர்வில் தவறிய பிள்ளை அடுத்த வாரமே பனியன் கம்பெனிக்குக் கைமடி உதவியாளாகப் போய்விடும் ஊர் எங்களுடையது.

ஆனால் பாடக்குறிப்பில் ‘கற்றல் விளைவுகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. மொழிப்பற்று வளர்தல், பண்பாட்டை அறிதல் என்று ஆண்டுக்கணக்கில் அதில் எழுதிவந்தேன். சொற்களில் தவறில்லை. அது எந்த நாளில், எந்தப் பிள்ளைக்கு நடந்தது என்று கேட்டால்தான் என்னிடம் பதில் இருக்காது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டுதான் எனக்கு வழிகாட்டியது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. அதன் தொடக்கப் பகுதி பத்தாம் வகுப்புப் பாடம். போருக்குப் போன தலைவன் கார்காலம் வந்தும் திரும்பவில்லை. முதுபெண்டிர் மாலையில் ஊர்ப்புறம் போகிறார்கள். நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது, நல்ல சொல் ஏதும் காதில் விழாதா என்று நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர் பெண், குளிருக்குக் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு, தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றைத் தேற்றுகிறாள். இதோ இடையர்கள் ஓட்டிவர, உன் அம்மா வந்துவிடுவாள் என்கிறாள். கிழவிகள் அதைத் தலைவிக்கான நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். விரிச்சி கேட்டல் என்பது இதுதான்.

ஒரு மழைநாள். மின்சாரம் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கதையாகச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்: “அந்தப் புள்ள கன்னுக்குட்டிகிட்டத்தானுங்கய்யா சொல்லுச்சு? இவங்ககிட்டச் சொல்லலீங்களே?”

என் வேலை என்ன என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பிடிபட்டது. யாரோ யாருக்கோ சொன்ன சொல், வழியில் நிற்பவர் காதில் விழுந்து அவருக்கும் சொல்லாகிறது. நப்பூதனார் எங்கள் வகுப்புக்காகப் பாடவில்லை. ஆனாலும் பாட்டு எங்கள் காதில் விழுகிறது. இதைச் சொல்கிறவர் யார், யாரிடம் சொல்கிறார், எந்த நிலையில் சொல்கிறார், எனக்கு இதில் என்ன இருக்கிறது? பதினைந்து வயதில் இப்படிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் செய்யுளுக்கும் அது உதவும், மேடைப் பேச்சுக்கும் உதவும், கைப்பேசிக்கு வரும் செய்திக்கும் கடன் பத்திரத்துக்கும் உதவும். இலக்கணமும் அந்தக் காதைக் கூராக்கத்தான். ஆயர் பெண் வாயில் வருவது எதிர்கால வினை. உறுதி, ஆறுதல் இரண்டும் அந்த ஒரு வினைக்குள் இருப்பதைக் காட்டிவிட்டால், காலம் காட்டும் இடைநிலைக்குப் பிள்ளைகள் முகம் சுளிப்பதில்லை.

கடிதப் பகுதியையும் அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். தேர்வுக்குக் கற்பனை முகவரி இருக்கட்டும். வகுப்பில் உண்மையான ஒருவருக்கு எழுதச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் போகும் தன் அம்மாவுக்கு ஒரு பெண் நான்கு வரி எழுதினாள். இவள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு அம்மா வீடு வருவாள். அம்மா போன பிறகுதான் இவள் திரும்புவாள். அந்தக் கடிதத்தை நான் திருத்தவில்லை.

அந்த மழைநாளில் கடைசியாகக் கேட்டவளும் அவள்தான். பாடப்பகுதி நற்சொல் கேட்டதோடு முடிந்துவிடும். “அப்புறம் அந்தம்மா அழுகைய நிறுத்திட்டாங்களாங்கய்யா?”

முழுப் பாட்டு மேசையில் இருந்தது. எடுத்து, அடுத்த அடிகளைப் படித்துப் பொருள் சொன்னேன். முதுபெண்டிர் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் தலைவி தேறவில்லை. கண்ணீர் முத்துமுத்தாக உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

“வந்தாத்தானுங்கய்யா நிக்கும்” என்றாள்.

யாரும் பேசவில்லை. மணி அடித்துவிட்டது. விரிச்சிக்கான இரண்டு மதிப்பெண் விடையை மறுநாள் முதல் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.